அந்தரத்தில் நின்ற கொட்டாரம்

மொழி பார்த்து மாகாணங்களைப் பங்கு வைத்த வருஷத்தில், புது எல்லை நடப்புக்கு வந்த அன்று விடியும்போது, வேளிமங்கலத்துக் கொட்டாரம் தான் காலகாலமாக உட்கார்ந்திருந்த மண்ணை விட்டு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்றுகொண்டது. அரண்மனை என்பது பள்ளிப் புத்தகத்துச் சொல், அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது கொட்டாரம்தான். தேக்கும் பலாவுமாக இழைத்துக் கட்டிய மூன்று நிலை மர மாளிகை, முன்னால் கருங்கல் படிகள், பின்னால் சமையல்கட்டு, பழைய ராஜாக்கள் மந்திரிகளோடு பேசிய கூடம், ராணிகள் தேரோட்டம் பார்த்த அழி ஜன்னல், எல்லாம் அப்படியே, ஓர் ஓடு நழுவாமல், ஒரு கதவு முனகாமல், விளக்குமாடத்தில் முந்தின நாள் ஊற்றிய எண்ணெய்கூடச் சிந்தாமல், மொத்தமாக மேலே போய் நின்றது. கீழே, ராஜாக்களுக்கு முன்னால் எப்போதோ வெயில் பார்த்த மண், செக்கச்செவேலென்று, ஈரமாக, அப்போதுதான் தோண்டிய கிழங்குபோல மணத்துக்கொண்டு கிடந்தது.

முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம். இரண்டு மாடு வைத்துப் பால் விற்கிறவள், அன்றும் தூக்குவாளியோடு குஞ்சுபிள்ளையின் சாயாக்கடைக்குப் போகிற வழியில் நின்று, குனிந்து, கொட்டாரத்துக்கு அடியில் மறுபக்கத்துப் புளியமரம் தெரிவதைப் பார்த்தாள். பிறகு கடைக்குப் போய்ப் பாலை அளந்து ஊற்றினாள்.

"கொட்டாரம் எழும்பிட்டு, அண்ணே."

"எவ்வளவு?" என்றார் குஞ்சுபிள்ளை, அடுப்பை ஊதிக்கொண்டே.

"ஒரு ஆள் உயரம் இருக்கும்."

"பின்ன எழும்பாதா? மண்ணு நமக்கு, கட்டடம் அவங்களுக்குன்னு பேப்பர்ல போட்டாச்சு. ரெண்டும் பின்ன எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

அதற்குள் கொட்டாரத்து வாசலில் காவல்காரர் ராகவன், நேற்றுவரை ஒரே சர்க்காரின் சம்பளக்காரராக இருந்தவர், இன்று எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமல், ஒரு கால் நிலைப்படியிலும் ஒரு கால் காற்றிலுமாக நின்று, யாராவது ஓர் ஏணி கொண்டுவரும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தென்னை ஏறுகிறவர் வீட்டிலிருந்து ஏணி வந்தது. ராகவன் இறங்கி வந்து சாயா குடித்துவிட்டு மறுபடி ஏறிப்போனார். அந்த ஏணி அங்கேயே நின்றுவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை.

தங்கபுஷ்பம் மட்டும் சாயங்காலம் மறுபடி வந்தாள். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது கொட்டாரத்தை அல்ல, அதன் கடைசிப் படியை. அந்தப் படிக்கல்லில்தான் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆடி மாதத்தில் அவள் புருஷன் சுயம்பு விழுந்து செத்திருந்தான்.

சுயம்பு சைக்கிள் கடை வைத்திருந்தவன். அதிகம் பேசாதவன், ஆனால் தாலுகாவைத் தமிழ்ப் பக்கத்தோடு சேர்க்க வேண்டுமென்று போராட்டம் எழுந்தபோது கடையைப் பூட்டிவிட்டு முதல் வரிசையில் போய் நின்றவன். போராட்டத்தை நடத்தியவர் வக்கீல் அருமைநாயகம். கறுப்புக் கோட்டும் கணீரென்ற குரலுமாக, எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கஞ்சி கொடுத்தாலும் குடிக்கிற மனிதர். சுயம்புவைத் தம்பி என்பார், தங்கபுஷ்பத்துக்கு அவர் அண்ணாச்சி. கொட்டாரத்தின் முகப்பில் நம் கொடி ஏறினால் தாலுகா முழுக்க நம்முடையதாகிவிட்டது என்று அர்த்தம், அது நம் பாட்டன்மார் மரம் சுமந்து கட்டிய வீடு, அதை விட்டுக்கொடுத்துவிட்டு மீதி மண்ணை வாங்கி என்ன செய்ய என்று அவர் சந்தைமேட்டில் பேசிய பேச்சைக் கேட்டுத்தான் ஆடிக் காற்றில் அவ்வளவு பெரிய ஊர்வலம் திரண்டது. போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள்: கீழத்தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர், எஸ்தரம்மாளின் ஒரே மகன் தேவசகாயம், சுயம்பு. கொடி சுயம்புவின் கையில் இருந்தது.

பிணங்களை எடுப்பதற்கு முன்னால் வக்கீல் அந்தப் படியில் கைவைத்துச் சொன்னார். "கொட்டாரம் நம்ம கைக்கு வாற அன்னைக்கு, இந்தக் கல்லுலதான் மொத உளி வைப்போம். நாலு பேருக்க பேரையும் வெட்டுவோம். இது சத்தியம்."

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்ல அவர் தங்கபுஷ்பத்தை மேடை ஏற்றினார். நாலு பேர் முன்னால் நின்று பேசியறியாதவள், வெள்ளைச் சேலையோடு, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, கொட்டாரம் நமக்கு வரும், அவங்க பேரு கல்லுல வரும் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பிக்கையாகிப் பிறகு உறுதியாகிவிட்டது. சோறு தண்ணியில்லாமல் கிடந்த எஸ்தரம்மாள் வீட்டுக்குப் போய், "எக்கா, உங்க மகனுக்க பேரு கல்லுல வரும். நான் சொல்லுகேன்," என்று கையைப் பிடித்துச் சொல்லி அவளை எழுப்பி உட்காரவைத்து ஒரு வாய் கஞ்சி குடிக்கவைத்ததும் அவள்தான்.

தாலுகா வந்தது. கொட்டாரம் வரவில்லை. அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பழம்பெருமை, அதனால் கட்டடமும் அதிலுள்ள பொருள்களும் அந்தப் பக்கத்து சர்க்காரின் தொல்பொருள் இலாகா வசமே இருக்கும், அது நிற்கிற நிலம் மட்டும் இந்தப் பக்கத்தைச் சேரும் என்று உத்தரவு சொன்னது. வக்கீல் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி நிமிஷத்துல நம்மள ஏமாத்திட்டாங்கம்மா," என்றார். அவருக்கு ஆறுதல் சொன்னவளும் தங்கபுஷ்பம்தான்.

இப்போது அந்தப் படி அவள் தலைக்கு மேலே, அந்தரத்தில் நின்றது. அவள் அதன் அடியில் போய் நின்று, கையை உயர்த்தி, கல்லின் அடிப்பக்கத்தைத் தடவினாள். அவன் ரத்தம் முழுக்க மேலேயே நின்றுவிட்டது, கல்லுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிப்பக்கம் வெட்டிய நாளில் இருந்ததுபோலவே சுத்தமாக, சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பிடரியில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் ஓர் உணர்வு மட்டும் வந்தது.

வேளிமங்கலம் தன் காரியத்தைப் பார்க்கத் தொடங்கியது. முதலில் போனவை எருமைகள். அந்த நிழலைப்போல ஒரு நிழல் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று அவை ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டன. பின்னாலேயே குஞ்சுபிள்ளை பெஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டார், பிறகு அடுப்பை, பிறகு கடையையே. இரண்டு மழைக்காலமும் அடித்துப் பெய்கிற அந்த ஊரில் ஈரநெல்லைக் காயவைக்க இடமில்லாமல் திண்டாடிய பெண்களுக்கு, நான்கு பக்கமும் காற்றோட்டமும் மேலே ராஜாவின் கூரையும் உள்ள களம் ஒன்று சும்மா கிடைத்தது. ஐப்பசியில் சுற்றிலும் மழைத்தாரை திரைபோல விழ, உள்ளே நெல்லும் மிளகும் காய, குழந்தைகள் தூண் இல்லாத அந்த வெளியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடி விளையாட, மேலே மரத்தளத்தில் நடக்கிற சத்தத்தை வைத்தே, இது ராகவன், இது வந்து பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இது யாரோ பெரிய அதிகாரி, பூட்ஸ் போட்டிருக்கிறார் என்று கிழவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல்காரர்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள், அந்த மண்ணின் குளிர்ச்சி சூட்டை இறக்கும் என்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, நேராக வந்து கொட்டாரத்துக்குக் கீழே விசாரியுங்கள் என்று வழி சொன்னார்கள். உயரமான மாப்பிள்ளைகள் மட்டும் குனிந்து வர வேண்டியிருந்தது.

சர்க்கார்களும் தங்கள் காரியத்தைப் பார்த்தன. இந்தப் பக்கத்து எஞ்சினீயர்கள் வந்து அளந்து, கட்டடம் அனுமதியில்லாமல் உயர்ந்திருக்கிறது என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்து எஞ்சினீயர்கள் வந்து அளந்து, கட்டடம் எப்போதும் இருந்த உயரத்தில்தான் இருக்கிறது, உங்கள் நிலம்தான் தாழ்ந்துபோயிருக்கிறது, அதனால் எங்கள் கட்டடத்துக்கு ஏதும் சேதமென்றால் நீங்கள்தான் பொறுப்பு என்று பதில் எழுதினார்கள். இடையில் இருந்த காற்று யாருடையது என்று ஒரு கேள்வி வந்தது. அதை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் வந்து குஞ்சுபிள்ளை கடையில் பழம்பொரி சாப்பிட்டுவிட்டு, மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

எஸ்தரம்மாள் ஒருநாள் கம்பு ஊன்றிக்கொண்டு அங்கே வந்தாள். தங்கபுஷ்பம் காட்டிய இடத்தில் நின்று, படிக்கல்லின் அடிப்பக்கத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தக் கல்லு அவங்களுக்கா?"

"ஆமாக்கா. கட்டடத்தோட சேர்த்தி."

"மேல்பக்கம் அவங்களுக்கு, சரி. இந்த அடிப்பக்கத்தை யாராவது கேட்டாங்களா?"

தங்கபுஷ்பம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மறுவாரமே கல்தச்சர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மேசைமேல் கட்டிலைப் போட்டு, கட்டில்மேல் அவர் மல்லாந்து படுத்து, கல்தூள் கண்ணில் விழாமலிருக்க ஈரத்துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு, அண்ணாந்தபடியே நான்கு பெயர்களையும் வெட்டினார். உளிச்சத்தம் மேலே கொட்டாரம் முழுக்க எதிரொலித்தது. எல்லோரும் சத்தம் கேட்டு வந்து நின்றார்கள். கடைசியில் ஏணி வழியாக அச்சுதக்குறுப்பும் இறங்கி வந்தார்.

அச்சுதக்குறுப்பு அந்தப் பக்கத்து இலாகா அனுப்பிய காப்பாளர். எல்லைக்கு அப்பாலிருந்து திங்கட்கிழமை பஸ்ஸில் வருவார், சனிக்கிழமை திரும்புவார். வெளுத்த சட்டை, நெற்றியில் சந்தனம், தமிழை வாய்க்குள் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர். அவர் குனிந்து வந்து, அண்ணாந்து, நான்கு பெயர்களையும் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். உளி நின்றுவிட்டது.

"அம்மா," என்றார் அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "எனக்குக் கொடுத்த உத்தரவில் கொட்டாரத்தின் தளம், சுவர், கூரை, கதவு எல்லாம் இருக்கிறது. அடிவயிறு என்று எங்கேயும் எழுதவில்லை. நான் மேலே போகிறேன். அங்கேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது."

போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏறினார். பெண்கள் அன்று முதல் ஆடி மாதம் தவறாமல் அங்கே விளக்கேற்றினார்கள், எஸ்தரம்மாள் மெழுகுவத்தி வைத்தாள். நெல் காயப்போட வந்தவர்கள் அந்த இடத்தை மட்டும் விட்டுப் போட்டார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. தங்கபுஷ்பத்துக்கு நரை விழுந்தது. வக்கீல் அருமைநாயகம் தேர்தலில் நின்று ஜெயித்து, பிறகு மந்திரியாகி, காரில் வருகிறவராகிவிட்டார், ஆனால் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுகிற பழக்கம் போகவில்லை. வேளிமங்கலத்துக்கு வரும்போதெல்லாம் சாயாக்கடைக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி, கடைக்காரரை வெளியே கூப்பிட்டுப் பேசுவார். கொட்டாரத்துக்குக் கீழே அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. வேலை அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அச்சுதக்குறுப்பு ஓய்வுபெறுகிற வருஷம் வந்தது. கடைசியாக ஊருக்குப் போகுமுன் பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர், பால் கொண்டுவந்த தங்கபுஷ்பத்திடம் பேச்சுவாக்கில் சொன்னார். "இந்தக் கொட்டாரத்தால் என்னென்ன பாடு! உண்மையில் நாங்கள் இதைக் கேட்கவே இல்லை, தெரியுமா அம்மா? நாங்கள் கேட்டது மலைமேல் இருக்கிற பங்களாக்களை மட்டும். உங்கள் வக்கீல்தான் மேசைமேல் இதை எடுத்து நீட்டினார். எங்கள் ஆட்களுக்கே ஆச்சரியம்."

வாளி அவள் கையில் அப்படியே இருந்தது. "யாரு சார் நீட்டினது?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தான் சொல்லியிருக்கக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன், அம்மா," என்று மட்டும் சொன்னார்.

அவள் அன்றே பஸ் ஏறி வக்கீல் வீட்டுக்குப் போனாள். காத்திருந்தவர்களை எல்லாம் விலக்கி அவர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் கேட்டாள். அவர் மறுக்கவில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

"ஆமாம்மா. நான்தான் கொடுத்தேன். ஒரு பழைய மரவீட்டைக் கொடுத்து மலைக் கால்வாயில தண்ணி வாங்கினேன். இன்னைக்கு வேளிமங்கலத்துல ரெண்டு போகம் வெளையுதுல்லா? அது எங்க இருந்து வருகுன்னு நினைச்ச? உங்கிட்ட சொல்லல. உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? கடைசி நாள், வேற வழியில்ல."

தண்ணீர் பொய் இல்லை. அந்தத் தண்ணீரில் முளைத்த புல்லைத்தான் அவள் மாடும் தின்கிறது. திரும்பி வந்து எஸ்தரம்மாளிடம் சொன்னபோது, எஸ்தரம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லதுதான் மக்கா," என்றாள் கடைசியில். "ஆனா நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அந்த மாரிக்காலத்தில் எஸ்தரம்மாள் இறந்துபோனாள். தங்கபுஷ்பம் கசப்பை விழுங்கிக்கொண்டாள். கடைசி நாள், வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை அவள் விடவில்லை.

பிறகு ஒரு புது ஏற்பாடு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு மரபுச் சொத்து மன்றம் அமைத்தார்கள், அதற்குத் தலைவர் மந்திரி அருமைநாயகம். கொட்டாரம் அந்தரத்தில் நிற்பது வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, அதனால் கீழேயுள்ள மண்ணையும் அந்தப் பக்கத்துக்கே நிரந்தரக் குத்தகைக்கு விட்டுவிடலாம், மண்ணும் கட்டடமும் ஒரே கையில் சேர்ந்தால் அது தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும் என்று மன்றம் முடிவெடுத்தது. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. குஞ்சுபிள்ளைக்கு முச்சந்தியில் காரைக்கட்டடத்தில் கடை கொடுத்தார்கள், நெல் காயவைக்க ஒரு சிமெண்டுக் களம் போட்டுக் கொடுத்தார்கள், இளவட்டங்கள் சிலருக்குக் கொட்டாரத்தில் வேலை போட்டுக்கொடுத்தார்கள். முணுமுணுப்பு அடங்கியது. எருமைகளை மட்டும் அடித்து ஓட்ட வேண்டியிருந்தது.

இறங்குகிற நாளன்று காலையில் எல்லோரும் வெளியேறிய பிறகு, தங்கபுஷ்பம் மட்டும் படிக்கல்லுக்கு அடியில், அந்த நான்கு பெயர்களுக்குக் கீழே, உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர்கள் வந்தார்கள், சின்ன அதிகாரிகள் வந்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் அருமைநாயகமே வந்தார். வயதாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே கணீரென்றிருந்தது. கொட்டாரத்தின் நிழல் விழுகிற ஓரத்தில் நின்றார்.

"புஷ்பம், வெளிய வாம்மா."

"பேரு என்னாகும் அண்ணாச்சி? இது கீழ போயிரும்லா?"

"மேல்பக்கத்துல வெட்டுகோம். பளிங்குல. நான் பேசியாச்சு. எல்லாரும் பாக்கிற மாதிரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். "அப்போ உள்ள வாங்க அண்ணாச்சி. இங்க, எனக்குப் பக்கத்துல நின்னு, இந்தப் பேரைப் பாத்துச் சொல்லுங்க. நான் உடனே வந்துடுகேன்."

அவர் மேலே பார்த்தார். அவ்வளவு பெரிய மரவீட்டின் அடிவயிறு, கறுத்து, அகன்று, ஒரு தாங்கலும் இல்லாமல் நின்றது. அவர் வலது காலை நிழலுக்குள் எடுத்து வைக்கப்போனார், வைக்கவில்லை. கால் பின்னால் வந்துவிட்டது. வேட்டி நுனியைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

"கூட்டம் காத்துக்கிட்டு இருக்கும்மா," என்றார். "நேரமாகுது."

இத்தனை வருஷமாக அந்த மனிதர் ஒருநாளும் இந்த நிழலுக்குள் வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரே, கைக்குழந்தையும் காய்ச்சல்காரனும் எருமையும், தலையில் விழுமென்ற பயமில்லாமல் படுத்துத் தூங்கிய இடம். அவள் எழுந்து, கையை உயர்த்திச் சுயம்புவின் பேரை ஒருமுறை தடவினாள், எஸ்தரம்மாள் மகன் பேரையும், கீழத்தெரு அண்ணன் தம்பி பேரையும் தடவினாள், குனிந்து வெளியே வந்து, அவரைக் கடந்து போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டாள்.

காகிதத்தில் கையெழுத்தானதும் கொட்டாரம் இறங்கியது. ஒரு தூசி எழவில்லை. களைத்துப்போன ஒரு பெரிய மாடு கால்களை மடக்கிப் படுப்பதுபோல், முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம் என்று தாழ்ந்து, அந்தச் செம்மண்ணை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தது. கடைசிப் படி மண்ணில் பதிந்தபோது மேளம் அடித்தார்கள். கைதட்டினார்கள். குஞ்சுபிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார்.

மேடையில் அருமைநாயகம் பேசினார். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. சகோதர மாநிலங்கள் என்றார், ஒரே வேர் என்றார். "இந்த ஒற்றுமையை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை. போராட்டம் நடந்த அந்த வருஷம், சித்திரை மாதத்திலேயே, இவர்களுடைய தலைவர்களோடு உட்கார்ந்து, இளநீர் குடித்து, கைகுலுக்கி, கொட்டாரம் உங்களுக்கு, கால்வாய் எங்களுக்கு என்று பேசி முடித்தவன் நான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் காகித வேலைதான்."

சிரித்தார்கள், மறுபடி கைதட்டினார்கள். தங்கபுஷ்பம் முந்தானைக்குள் விரலை மடக்கினாள். சித்திரை. வைகாசி. ஆனி. ஆடி. ஆடி விரலில் வந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் விரல் மடக்கவில்லை. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கார் வந்து நின்றது. அருமைநாயகம் கையில் ஒரு பட்டுச் சால்வையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மேடையில உன் பேரைக் கூப்பிட்டேன், ஆளைக் காணல. இது உனக்குப் போர்த்த வச்சிருந்தது."

"சித்திரையிலயா பேசி முடிச்சீங்க?"

தண்ணீர்ச் செம்பை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார்.

"கடைசி நாள்னு எங்கிட்ட சொன்னீங்க," என்றாள் அவள். "ஊர்வலம் ஆடியில."

வெளியே மாடு ஒன்று கயிற்றை இழுத்தது. அவர் பேசினார். மேடைக் குரல் இல்லை அது. "வாயால சொன்னது மட்டும்தாம்மா அது. கால்வாயை எழுதித் தரணும்னா அவங்களுக்கு ஒரு பயம் வேணும், பயம் வரணும்னா கூட்டம் வேணும். தண்ணிக்குன்னு கூப்பிட்டா அவ்வளவு பேரு வரமாட்டாங்க, கொட்டாரத்துக்குன்னாத்தான் வருவாங்க. சுடுவாங்கன்னு நான் நினைக்கல. சத்தியமா நினைக்கல."

"அவரு அன்னைக்குக் கடையைப் பூட்டிட்டு வந்து, சாவியை எங்கிட்ட தந்தாரு," என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரல் உயரவில்லை. "கொட்டாரத்துல கொடி ஏறுகதை எங்கண்ணால பாக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க தண்ணிக்குன்னு சொல்லியிருந்தா தண்ணிக்கும் போயிருப்பாரு. அதுக்கும் முன்னாலதான் நின்னிருப்பாரு. எதுக்குச் சாகுகோம்னு தெரிஞ்சாவது செத்திருப்பாருல்லா."

அருமைநாயகம் சால்வையை மடிமேல் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "புஷ்பம்," என்றார். பிறகு, "தங்கச்சி," என்றார்.

அவள் எழுந்து கதவருகே போய், தாழ்ப்பாளில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, வக்கீல் சார்," என்றாள். "மாடு கறக்கணும். நான் கதவைச் சாத்தணும்."